ஓடுவதும் ஓட்டுவதும்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேஜையை நிறைத்துவிட்டன. முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தவள் நான். இந்தச் சொல்லோடு எனக்கு நீண்ட பழக்கம், கொஞ்சம் பாசமும் உண்டு. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன். வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அம்மா, 645 என்பது அச்சுப் பிழையா? என் கையில் இருக்கும் அகராதியில் நாற்பதுகூட இல்லை. உண்மை என்றால், அத்தனையையும் நான் எப்போது படித்து முடிப்பது? (கல்லூரி மாணவி)

பதில்: அச்சுப் பிழை இல்லை. அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கு. அந்த அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இருபது தொகுதிகள் கொண்டது. அதில் எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது 'செட்' என்ற வினைக்கான பதிவு. 430 பொருள், சுமார் 60,000 சொற்கள். பிறகு அகராதியைப் புதுப்பிக்கும் வேலையில் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் 'ரன்'னை எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உட்கார்ந்தார். 2011இல் அது வெளியே தெரிந்தபோது, 'ரன்' 645 பொருளோடு 'செட்'டைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. இது வினைக்கு மட்டும். 'ரன்' பெயர்ச்சொல்லாக வரும் இடங்கள் தனி.

ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். அகராதிக்காரர்களை வாட்டுவது நீளமான, பயமுறுத்துகிற சொற்கள் அல்ல. 'ஃபோட்டோசிந்தஸிஸ்' என்றால் ஒளிச்சேர்க்கை, ஒரு வரியில் வேலை முடிந்தது. குழந்தைகள்கூடப் பேசுகிற சின்னச் சொற்கள்தான் கையில் பிடிபடாமல் நழுவுகின்றன. 1755இல் தனி ஒருவராக ஆங்கில அகராதி தொகுத்து வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், எல்லை கட்ட முடியாமல் தன்னைத் திணற வைத்த சொற்களை முன்னுரையிலேயே பெயர் சொல்லி அடுக்கினார். கம், கெட், கிவ், புட், செட், கோ, மேக், டேக். நம்முடைய 'ரன்'னும் அந்த வரிசையில் உண்டு.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருளை எங்கே முடித்து அடுத்ததை எங்கே தொடங்குவது என்பது அகராதி செய்பவரின் கத்தியைப் பொறுத்தது. ரயில் ஓடுவதையும் கடிகாரம் ஓடுவதையும் ஒருவர் ஒன்றாக வைப்பார், இன்னொருவர் இரண்டாக வெட்டுவார். ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்று அகராதி என்பதால், வழக்கு ஒழிந்துபோன பொருள்களையும் மிக மெல்லியதாக வெட்டிச் சேர்த்து வைத்திருக்கிறது. மாணவர் அகராதிக்கு அந்தத் தேவை கிடையாது. அதனால் உங்கள் கையில் இருக்கும் நாற்பதும் சரிதான், அந்த 645உம் சரிதான்.

படித்து முடிக்கத் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம்முடைய 'ஓடு'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் ஓடுகிறான். ஆறு ஓடுகிறது. வண்டி ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. நேரம் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. 'மனசுல என்ன ஓடுது?' என்று கேட்கிறோம். காதலர்கள் ஓடிப்போகிறார்கள். நல்ல சேதியோ கெட்ட சேதியோ திடீரென்று வந்தால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்கிறோம். இவற்றை உங்களுக்கு யாராவது எண் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்களா? கால் நகர்வதில் தொடங்கி, நிற்காமல் நகரும் எதற்கும் அந்தச் சொல்லை நீட்டிக்கொண்டே போகப் பழகிவிட்டீர்கள். இதே பட்டியலில் ஏழெட்டுக்கு ஆங்கிலமும் 'ரன்'தான் சொல்லும். ஆறும் நேரமும் விரிசலும் படமும் அங்கேயும் ஓடுகின்றன.

ஒரு எச்சரிக்கை மட்டும். கூரை ஓடு, ஆமை ஓடு, திருவோடு ஆகியவற்றில் வரும் 'ஓடு' வேறு சொல். ஒலி ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். அகராதியில் அதற்குத் தனித் தலைப்பு இருக்கும். ஒரு சொல் பல பொருளாகக் கிளைப்பது வேறு, இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்பது வேறு. தேர்தலில் போடும் ஓட்டும் வண்டி ஓட்டுவதும் அப்படித்தான். ஒன்று 'வோட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, மற்றது நம்முடையது.

கேள்வி: மேடம், 'ஹி ரன்ஸ் எ கம்பெனி' என்றால் நிறுவனத்தை நடத்துகிறார் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆனால் ஓடுவதற்கும் நடத்துவதற்கும் என்ன உறவு? முப்பது வருடமாக யாரிடமும் கேட்க முடியாத சந்தேகம் இது. (கணக்காளர்)

பதில்: முப்பது வருடம் காத்த கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். 'ரன்'னுக்குள் நுழையும் வாசலே இதுதான் என்பது என் எண்ணம்.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், இங்கே இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று 'ரின்னன்'. தானாக ஓடுவது, பாய்வது. தசை நம் வாயில் சதையானது போல, அதுவும் ஒலி இடம் மாறி 'யிர்னன்' என்று வழங்கியது. இன்னொன்று 'ஆர்னன்'. ஓட வைப்பது, குறிப்பாகக் குதிரையை விரட்டிச் செல்வது. வட கடல் தாண்டி வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் தங்கள் மொழியின் 'ரின்னா', 'ரென்னா' என்ற ஜோடியையும் கொண்டுவந்து கலந்தார்கள். காலப்போக்கில் தன்வினையும் பிறவினையும் தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டன. அதுதான் இன்றைய 'ரன்'.

தமிழில் அந்தத் தேய்மானம் நடக்கவில்லை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருள், உருட்டு. திரும்பு, திருப்பு. தானாக நடப்பதையும் நடக்க வைப்பதையும் நாம் ஒரு மெய்யெழுத்தால் பிரித்து வைத்திருக்கிறோம். ஆங்கிலக்காரர் அந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டார். 'ரன்' என்பது நமது ஓடுவும் ஓட்டுவும் சேர்ந்த சொல். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 'த கம்பெனி ரன்ஸ் வெல்' என்றால் நிறுவனம் நன்றாக ஓடுகிறது. 'ஷி ரன்ஸ் த கம்பெனி' என்றால் அவர் அதை ஓட்டுகிறார். தமிழிலும் 'குடும்பத்தை எப்படியோ ஓட்டுகிறேன்', 'காலத்தை ஓட்டுகிறேன்' என்று சொல்கிறோமே, அதே ஓட்டுதான்.

உங்கள் கேள்வியில் இருக்கும் 'நடத்துதல்' என்ற சொல்லையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். நட, நடத்து. ஆங்கிலம் நிறுவனத்தை ஓட வைக்கிறது, தமிழ் அதை நடக்க வைக்கிறது. இரண்டு மொழியும் காலைத்தான் நம்பியிருக்கின்றன. முப்பது வருடமாக இந்த விடையை நீங்கள் உங்கள் கேள்வியிலேயே சுமந்துகொண்டிருந்தீர்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சிவப்பு மசி வட்டம். வேலையில் சேர்ந்த முதல் வருடம், ஒரு நாடக அரங்கின் வரலாற்றை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். 'ஷி ரேன் த ப்ளேஹவுஸ் ஃபார் ட்வென்ட்டி இயர்ஸ்' என்று ஒரு வரி. 'அந்த அரங்கில் அவருடைய நாடகம் இருபது ஆண்டுகள் ஓடியது' என்று எழுதிவிட்டேன். நாடகம் ஓடும் என்ற பழக்கம் என் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அரங்கையே இருபது ஆண்டுகள் தாங்கி நடத்திய ஒரு பெண்ணின் உழைப்பு என் வாக்கியத்தில் காணாமல் போயிருந்தது. மூத்த ஆசிரியர் அதை வட்டமிட்டு ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'ஓடியது யார், ஓட்டியது யார்?' அன்று முதல் 'ரன்' எங்கே வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். 'ரன் எ பாத்' என்றால் குளியல் தொட்டியில் தண்ணீரை ஓட விடுவது. 'ரன் எ டெஸ்ட்' என்றால் பரிசோதனை செய்வது. 'ரன் எ ஸ்டோரி' என்றால் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிடுவது. மூன்றிலும் யாரோ ஒருவர் ஒன்றை ஓட்டுகிறார். 'த ஆஃபர் ரன்ஸ் டில் ஃப்ரைடே' என்பதில் சலுகை தானாகவே வெள்ளி வரை ஓடுகிறது. 'ரன்'னுக்குப் பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஐந்து மைல் ஓடினேன், ஓட்டப்பந்தயம் ஓடினேன் என்பவை போன்ற சில இடங்களில் மட்டும் செயப்படுபொருள் இருந்தும் ஓடியவர் நாமே.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். நாள் முழுக்க 'ரன்'தான். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் இல்லையா? 'ரன் பண்ணு' என்று சொல்லும்போது மனது உறுத்துகிறது.

பதில்: 'இயக்கு' நல்ல சொல். நிரலை இயக்கு, நிரல் இயங்குகிறது. இங்கேயும் இயங்கு, இயக்கு என்ற ஜோடி தயாராக இருக்கிறது, பாருங்கள். எழுத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஆனால் 'ரன் பண்ணு' பற்றி இவ்வளவு வருத்தப்பட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் 'ப்ரோக்ராம் ரன் ஆகுது' என்றும் சொல்வார்கள், 'ப்ரோக்ராமை ரன் பண்ணு' என்றும் சொல்வார்கள். எங்கே 'ஆகுது', எங்கே 'பண்ணு' என்று யாருக்கும் தடுமாற்றம் வருவதில்லை. ஆங்கிலம் ஆயிரம் ஆண்டுகளில் தொலைத்த பிரிவைத் தமிழ் பேசுகிறவர்கள் 'ஆகு', 'பண்ணு' என்ற இரண்டு சொற்களை ஒட்டித் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கடன் வாங்கிய சொல்லைக்கூடத் தன் இலக்கணப்படி செப்பனிட்டுக்கொள்கிற மொழி இது. இதை முதன்முதலில் கவனித்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வி: அம்மா, நான் செவிலியர். வெளிநாட்டு நோயாளிகள் நிறைய வருகிறார்கள். ஒருவர் 'ஐ ஃபீல் ரன் டவுன்' என்றார். வண்டியில் அடிபட்டுவிட்டாரோ என்று பதறிவிட்டேன். இன்னொருவர் 'ஐ ஹேவ் த ரன்ஸ்' என்றார், புரியவே இல்லை. மருத்துவமனைக்குத் தேவையான 'ரன்'களை மட்டும் சொல்ல முடியுமா?

பதில்: கட்டாயம் சொல்கிறேன். ஒரு சொல் தவறாகப் புரிந்தால் மற்ற இடங்களில் சங்கடத்தோடு போய்விடும். உங்கள் இடத்தில் அப்படி இல்லை.

நீங்கள் பதறியதில் தவறே இல்லை. வண்டி ஒருவரை மோதித் தள்ளுவதற்கும் 'ரன் டவுன்' என்றுதான் பெயர். ஆனால் 'ஐ ஃபீல்' என்று தொடங்கினால் அது களைப்பு, உடம்பில் தெம்பு வற்றிப்போன நிலை. சாவி கொடுக்கும் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி தீரத் தீர ஓட்டம் குறைந்து நின்றுவிடும். அதற்கு 'ரன் டவுன்' என்பார்கள். பிறகு அது பேட்டரிக்கு வந்தது, மனிதருக்கும் வந்தது. பராமரிப்பு இல்லாமல் பாழடைந்த கட்டடத்துக்கும் இதே சொல் உண்டு.

'த ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. பேச்சு வழக்கு, கொஞ்சம் கூச்சத்தோடு சொல்வது. ஆங்கிலத்தில் அது ஓட்டம், தமிழில் போக்கு. 'ரன்னி நோஸ்' என்றால் மூக்கு ஒழுகுவது. 'ரன்' என்ற சொல்லின் அடியிலேயே நீர் ஓடும் பொருள் இருந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ரென்னன்' என்றால் காலால் ஓடுவது, 'ரின்னன்' என்றால் நீர் வழிந்தோடுவது என்று இரண்டாகவே வைத்திருக்கிறார்கள். கண்ணில் நீர் வழிவதும் துணியில் சாயம் இறங்குவதும் மெழுகுவர்த்தி உருகி வழிவதும் ஆங்கிலத்தில் 'ரன்' ஆவது இதனால்தான். நாம் ஒழுகு, வழி, கசி, இறங்கு, வடி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறோம். இந்த ஒரு பக்கத்தில் தமிழ்தான் பணக்காரி.

அடுத்து 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. வெப்பநிலை எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. ஆனால் ஒருவர் இப்படிச் சொன்னால் காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தம். 'வெப்பநிலை ஓடுகிறது' என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் அச்சாகியே பார்த்திருக்கிறேன். அதைப் படிக்கும் தாய்க்கு என்ன புரியும்? 'காய்ச்சல் இருந்தால்' என்ற இரண்டு சொல் போதும்.

'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்பதை நோயாளியின் வரலாறு எழுதும்போது அடிக்கடி கேட்பீர்கள். பரம்பரையாக வருகிறது, வழிவழியாக வருகிறது என்று பொருள். 'எங்கள் குடும்பத்தில் இந்த நோய் ஓடுகிறது' என்று சிலர் இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வேண்டாமே. தமிழில் நோய் ஓடினால் விட்டுப் போய்விட்டது என்றல்லவா காதில் விழும்? பொருளே தலைகீழாகிவிடும்.

'வீ நீட் டு ரன் சம் டெஸ்ட்ஸ்' என்று மருத்துவர் சொல்வது நோயாளிகளைச் சில நேரம் கலங்க வைக்கும். சில பரிசோதனைகள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதை நீங்கள் உங்கள் குரலில் மெதுவாக ஒரு முறை தமிழில் சொல்லிவிட்டால் அந்த முகம் தெளிந்துவிடும்.

கேள்வி: செய்திகளில் 'பேங்க் ரன்' என்று படிக்கிறேன். வங்கி எங்கே ஓடுகிறது?

பதில்: வங்கி ஓடவில்லை. வங்கியை நோக்கி ஆட்கள் பாய்கிறார்கள். போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்பதுதான் 'ரன் ஆன் த பேங்க்'. வாடிக்கையாளர் போட்ட பணத்தை வங்கி அப்படியே பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பெரும்பகுதியை நீண்ட காலக் கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கும். நாளுக்குச் சிலர் வந்து கேட்டால் கொடுத்துவிடலாம். எல்லோரும் ஒன்றாக வந்தால் நல்ல நிலையில் இருக்கும் வங்கிகூடத் திணறும். வங்கி விழுந்துவிடும் என்ற பயமே அதை விழவைக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாளே அதிகாரிகள் வங்கியை மூடினார்கள். அங்கே பெரும்பாலானோர் நாற்காலியை விட்டு எழவே இல்லை, இணையத்திலேயே எல்லாம் நடந்துவிட்டது. ஆனாலும் சொல் மாறவில்லை. தமிழில் 'பணமெடுக்க முண்டியடிப்பு' என்று எழுதலாம் என்பது என் கட்சி. 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் வங்கிக்காரர் கம்பி நீட்டிவிட்டார் என்று தோன்றுகிறது.

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் 'ரன்னிங் ஃபார் ப்ரெசிடென்ட்' என்கிறார்கள். நாம் ஏன் தேர்தலில் நிற்கிறோம், அவர்கள் ஏன் ஓடுகிறார்கள்?

பதில்: அழகான கேள்வி. அமெரிக்கர்கள்தான் ஓடுகிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டிங் ஃபார் எலெக்‌ஷன்', நம்மைப் போலவே நிற்கிறார்கள். அமெரிக்கர்களுக்குத் தேர்தல் ஒரு பந்தயம், அதனால் அந்தச் சொற்களெல்லாம் பந்தயத் திடலிலிருந்தே வருகின்றன. துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்கிறார்களே, அது ஒரு காலத்தில் முக்கியக் குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்க அதே லாயத்திலிருந்து இறக்கிய துணைக் குதிரையின் பெயர். தோற்றவர்களைக் குறிக்கும் 'ஆல்ஸோ ரேன்' என்பதும் குதிரைப் பந்தய முடிவுகளில், இடம் பிடிக்காதவற்றுக்கு மேலே போட்ட தலைப்புதான். 'இவையும் ஓடின' என்று.

கேள்வி: சிக்ஸர் அடித்தால் யாரும் ஓடுவதில்லையே. அப்புறம் எப்படி அது ஆறு ரன்?

பதில்: கிரிக்கெட்டில் முதலில் ஓடித்தான் ரன் எடுத்தார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். அதனால் அந்தக் காலத்தில் ரன்னுக்கு 'நாட்ச்' என்றும் பெயர் இருந்தது, வெட்டு என்று பொருள். பிறகு எல்லைக் கோடு வந்தது, ஓடாமலே கணக்கு ஏறத் தொடங்கியது, பெயர் மட்டும் ஓடுவதாகவே தங்கிவிட்டது.

கேள்வி: 'ரன் அவுட் ஆஃப்', 'ரன் இன்டு', 'ரன் ஓவர்', 'ரன் பை'. அலுவலகக் கூட்டங்களில் இவை எல்லாம் தலைக்கு மேல் போகின்றன.

பதில்: சொல்லுக்குப் பின்னால் வரும் அந்தக் குட்டிச் சொல்லைக் கவனியுங்கள், வேலை செய்வது அதுதான். நாம் ஓடிப்போ, ஓடிவா, ஓடிவிடு என்று துணைவினையால் திருப்புவதை அவர்கள் குட்டிச் சொல்லால் திருப்புகிறார்கள்.

'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது. தீர்வது பொருளா, வைத்திருப்பவரா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'டைம் இஸ் ரன்னிங் அவுட்', நேரம் தீர்கிறது. 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்', நம்மிடம் நேரம் தீர்கிறது. ஆளைச் சொன்னால் 'ஆஃப்' கண்டிப்பாக வேண்டும். 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் எதிர்ப்படுவது. பழைய நண்பராகவும் இருக்கலாம், சுவராகவும் இருக்கலாம், சிக்கலாகவும் இருக்கலாம். செலவு கோடிக்கணக்கில் போகும் என்பதற்கும் அதுவே. 'ரன் ஓவர்' என்பதில் எச்சரிக்கை வேண்டும். கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால் நேரம் தாண்டிவிட்டது. ஆள் 'ரன் ஓவர்' ஆனால் வண்டி ஏறிவிட்டது. 'ரன் இட் பை மீ' என்று மேலாளர் சொன்னால், முடிவெடுக்கும் முன் என் காதில் ஒரு முறை போடு என்று பொருள். இதை மட்டும் மறக்காதீர்கள், வேலையைக் காப்பாற்றும்.

கேள்வி: 'ஐ ஹேவ் ரேன்' சரியா, 'ஐ ஹேவ் ரன்' சரியா?

பதில்: 'ஐ ஹேவ் ரன்'. 'ரேன்' இறந்தகாலத்துக்கு மட்டும், 'ஹேவ்' பக்கத்தில் அது வராது.

கேள்வி: 'ரன் த காண்ட்லெட்' என்பதில் கையுறை எங்கிருந்து வந்தது? 'ரன் அமோக்' என்பதில் 'அமோக்' யார்?

பதில்: கையுறைக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்வீடிஷ் மொழியில் 'காத்லோப்' என்றால் சந்து ஓட்டம். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று அடிக்க, நடுவே தண்டனை பெற்றவர் ஓட வேண்டும். அது 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, புரியாத ஒலியாக இருந்ததால், கையுறையைக் குறிக்கும் 'காண்ட்லெட்' என்ற தெரிந்த ஒலியோடு ஒட்டிக்கொண்டது. இரு பக்கத்துத் தாக்குதலையும் தாங்கிக் கடப்பது என்று பொருள். 'அமோக்' ஆள் இல்லை. வெறிபிடித்துத் தாக்குவதைக் குறிக்கும் 'அமுக்' என்ற மலாய்ச் சொல்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் எழுதுகிறேன். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு 645 என்று எழுதிவிட்டீர்கள். தமிழில் அப்படி ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'ஓடு' நல்ல போட்டியாளர்தான். ஆனால் நான் பந்தயம் கட்டுவது 'அடி' மேல். பெயர்ச்சொல்லை விட்டுவிடுவோம், வினையை மட்டும் பார்ப்போம். மணி அடிக்கிறது. காற்று அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, மழைச் சாரல் அடிக்கிறது. வாசனை அடிக்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறோம், சட்டத்தில் ஆணி அடிக்கிறோம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம். போன் அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள். கண்ணடிக்கிறார்கள், விசில் அடிக்கிறார்கள், பல்டி அடிக்கிறார்கள். ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது, இன்னொருவருக்குப் போர் அடிக்கிறது. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுகிறோம். வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. மேலே சிக்ஸரைப் பற்றிக் கேட்டாரே ஒரு வாசகர், அந்த 'ரன்'னைக்கூட நாம் அடிக்கத்தான் செய்கிறோம்.

என் நோட்டில் இதுவரை 83 'அடி' சேர்ந்திருக்கின்றன. உங்கள் வகுப்பறைக் காலத்து 'அடி'களையும் எழுதி அனுப்புங்கள், ஐயா. மற்ற வாசகர்களும் அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும், சொல்லை மட்டும் அனுப்பினால் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன். அடுத்த இதழுக்கு இருபதாம் தேதிக்குள் வந்து சேரட்டும்.